குறுக்குக் கம்பு: கட்டுவதா, போல்ட் போடுவதா?

முகத்துவாரம்:
பழவேற்காடு ஏரியில ஓட்டுறதுக்காக மொட்டை மாடியில நானே செஞ்ச படகு. 16 அடி நீளம், 6 மி.மீ. மெரைன் பிளை (தண்ணி தாங்குற ஒட்டுப்பலகை), தையல் போட்டு எபாக்ஸி பசையால ஒட்டினது. பக்க மிதவைக்கு 160 மி.மீ. பிவிசி குழாய் 3 மீட்டர், ரெண்டு முனையும் அடைச்சாச்சு. மிதவை படகுலேர்ந்து ஆறடி தள்ளி நிக்கும், ரெண்டையும் சேர்க்க 60 மி.மீ. சவுக்குக் கம்பு ரெண்டு. படகு விளிம்புல கம்பை மேலிருந்து கீழா துளைச்சு, 10 மி.மீ. எஸ்.எஸ். போல்ட் போட்டு முடுக்கியிருந்தேன்.

ரெண்டாவது தடவை பாய் ஏத்தினப்ப மதியக் காத்து பிடிச்சுக்கிச்சு. முன் கம்பு போல்ட் ஓட்டையிலேயே பிளந்துருச்சு. இடுப்பளவு தண்ணிதான், தள்ளிக்கிட்டே கரைக்கு வந்துட்டேன். (லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன். எப்படியும் யாராவது கேப்பீங்க.) அடுத்த கம்புக்கு 12 மி.மீ. போல்ட் போடவா, இல்ல கயிறு கட்டவா?

நட்டும்போல்ட்டும்:
12 மி.மீ. போட்டா இன்னும் சீக்கிரம் உடையும். பிரச்சினை போல்ட்ல இல்ல, ஓட்டை போட்ட திசையில. கம்பு வளையும்போது உழைக்கிறது மேல் நாரும் கீழ் நாரும்தான். நடு நார் கிட்டத்தட்ட சும்மா இருக்கு. நீங்க உழைக்கிற நாரைப் பாத்து வெட்டியிருக்கீங்க. 60 மி.மீ. உருண்டைக் கம்புல மேலிருந்து கீழா 10 மி.மீ. ஓட்டைன்னா வளைவைத் தாங்குற திறன்ல கால் பங்குக்கு மேல போயிடும். அதே ஓட்டையைப் பக்கவாட்டுல, சரியா நடுவுல போட்டா நூத்துல ஒண்ணுகூடக் குறையாது.

அதுவும் வேண்டாம்னா யூ போல்ட். கம்பைச் சுத்திப் பிடிச்சு விளிம்புல முடுக்கிடலாம். கயிறு பக்கம் போகாதீங்க, அது தினம் இளகும்.

மூணுகட்டை:
சார், ஓட்டை போடாம சுத்திப் பிடிக்கிறதுன்னா அதுக்குப் பேரே கட்டுதானே. நீங்க இரும்புல ஒரு சுத்து கட்டச் சொல்றீங்க, நான் கயித்துல பன்னெண்டு சுத்து சொல்றேன். இதுல எது பலம்னு நீங்களே கணக்குப் போடுங்க. 4 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு ஒரு இழைக்கு 200 கிலோன்னு குறைச்சே வைங்க. பன்னெண்டு சுத்துன்னா ரெண்டு பக்கமும் சேர்த்து 24 இழை. எல்லாம் ஒரே மாதிரி இறுகாது, பாதியைத் தள்ளிடுங்க. அப்பவும் ரெண்டாயிரம் கிலோவுக்கு மேல.

நான் குளச்சல் பக்கம். தாத்தா கட்டுமரக்காரர். கரைக்கு வந்ததும் கயித்தை அவிழ்த்துக் கட்டைங்களைக் காய வைப்பாங்க, விடிகாலையில மறுபடி கட்டுவாங்க. ஆணியே கிடையாது.

நட்டும்போல்ட்டும்:
தாத்தாவுக்கு வணக்கம். ஆனா உதாரணம் பொருந்தல. கட்டுமரத்துக் கட்டைங்க தண்ணி குடிச்சுக் கனத்துப் போகும், அதைக் காய வைக்கணும்னுதான் அவிழ்க்குறாங்க. கட்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்குது, நெம்புறதுக்கு அங்க ஒண்ணுமில்ல. இவர் மிதவை ஆறடி தள்ளி நிக்குது. அந்த ஆறடிதான் கம்பை உடைச்சுது.

கடலோடிரசிகன்:
கேட்டமரான் என்ற வார்த்தையையே உலகுக்குக் கொடுத்தது தமிழன்! இங்கே போல்ட் பற்றி விவாதமா? 😀

மூணுகட்டை:
வார்த்தை நம்மதுதான் தம்பி. ஆனா அவங்க அந்தப் பேரை வச்சிருக்கிறது ரெண்டு உடல் கொண்ட படகுக்கு. நம்மது சேர்த்துக் கட்டின கட்டைங்க. பேரை வச்சுக் கம்பு நிக்காது.

வாடைக்காற்று:
நான் இலங்கை. ஒருத்தரும் கேக்காத கேள்வி ஒண்டு இருக்குது. உடைஞ்ச நேரம் மிதவை எந்தப் பக்கம் தம்பி? காத்து வாற பக்கமோ, போற பக்கமோ?

முகத்துவாரம்:
போற பக்கம் அண்ணை. குழாய் முழுசா தண்ணிக்குள்ள போயிடுச்சு, அப்புறம்தான் சத்தம் கேட்டது.

வாடைக்காற்று:
அப்ப விளங்குது. நீர்கொழும்புப் பக்கம் ஒத்தை மிதவை வள்ளம் இருக்குது, சிங்களத்தில ஒருவ எண்டு சொல்லுவினம். அதில மிதவை எப்பவும் காத்து வாற பக்கம்தான். திரும்ப வேணுமெண்டா தலையைத் திருப்பமாட்டினம். பாயையும் சுக்கானையும் மற்ற முனைக்குக் கொண்டுபோவினம், பின்பக்கம் முன்பக்கமாயிடும். ரோமாபுரிப் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே இலங்கைக் கப்பலுக்கு ரெண்டு முனையும் அணியம் (முன்முனை) எண்டு எழுதி வைச்சிருக்கிறார். பசிபிக்கில மைக்ரோனீசியாக்காரரும் இப்பிடித்தான் ஓட்டுவினம்.

காத்து கூடினா ஆள் எழும்பிக் கம்பில நடந்து மிதவைப் பக்கம் போவார். பழைய ஆக்கள் காத்தை அளக்கிறதே ஒரு ஆள் காத்து, ரெண்டு ஆள் காத்து எண்டுதான். அங்க கம்புக்கு வாற பாரம் பெரும்பாலும் மனுசப் பாரமும் மிதவைப் பாரமும்தான். உங்கட படகு தலை திருப்புற படகு, பாதி நேரம் மிதவை அமுங்கும். குழாய் 60 லீட்டர். அமுங்கினா தண்ணி அதை 60 கிலோ பாரத்தில மேல்நோக்கித் தள்ளும், ஆறடிக்கு அங்கால நிண்டு. அலையும் சேர்ந்து குத்தினா எந்தப் போல்ட்டும் பாவம்.

எங்கட ஆக்கள் கட்டுறது கயித்தாலதான். முந்தித் தும்புக்கயிறு, இப்ப நைலோன்.

நட்டும்போல்ட்டும்:
இது நல்ல கேள்வி, நான் கேட்டிருக்கணும். ஆனா முடிவு என் பக்கம்தான் வருது. பாரம் அவ்வளவுன்னா இணைப்பு அசையக்கூடாது. அசைஞ்சா தேயும், தேஞ்சா அறும்.

மூணுகட்டை:
அசையாததுதான் சார் உடையுது. இவர் கம்பே சாட்சி. ஜேம்ஸ் வாரம்னு ஒரு இங்கிலாந்துக்காரர், சொந்தமா படகு கட்டுறவங்களுக்கு வரைபடம் வித்தே வாழ்ந்தவர், 2021ல இறந்தார். அவரோட டிக்கி 21ல ரெண்டு உடலையும் கம்போட சேர்க்குறது கயிறுதான். அந்த 21 அடிப் படகுல ஒருத்தர் 1991லேர்ந்து 1997க்குள்ள உலகத்தையே சுத்திட்டார். அலையில ஒவ்வொரு உடலும் கொஞ்சம் தனியா அசையட்டும்னு விடுறதுதான் அங்க சூட்சுமம்.

நட்டும்போல்ட்டும்:
சுத்தி வந்தவர் கதை மட்டும்தான் நமக்குத் தெரியும். அவிழ்ந்து போனவங்க வந்து எழுத மாட்டாங்க. அதோட அந்தப் படகுல கம்பு உருளாம, நகராம இருக்கத் தனியா இருக்கை செஞ்சிருப்பாங்க. இங்க உருண்டைச் சவுக்கை பிளை விளிம்புல சும்மா வச்சுக் கட்டினா முதல் அலையிலேயே உருளும். கயிறு பிளையோட ஓரத்தை ரம்பம் மாதிரி அறுக்கும்.

மூணுகட்டை:
இருக்கை விஷயத்துல ஒத்துக்கறேன்.

கரையோரம்:
இவ்வளவு பேச்சுக்குப் பேசாம ஒரு பழைய ஃபைபர் வள்ளம் வாங்கிடலாமே? சுனாமிக்கு அப்புறம் ஊரே அதுக்கு மாறியாச்சு.

முகத்துவாரம்:
வாங்கலாம். அப்புறம் ஞாயித்துக்கிழமை என்ன செய்றது?

முகத்துவாரம் (மூணு வாரம் கழிச்சு):
கட்டிப் பாத்துட்டேன். புதுக் கம்புல ஓட்டையே இல்ல. விளிம்புல 2 அங்குல மரத்துண்டை ஒட்டி, கம்பு உக்கார அரைவட்டமா குடைஞ்சேன். கயிறு போற ஓட்டைகளை எபாக்ஸி பூசி, உப்புத்தாளால ஓரத்தை உருட்டினேன். முதல் நாள் வீட்டுல இருந்த நைலான் கயிறு. தண்ணி பட்ட அரை மணி நேரத்துல தொளதொளன்னு ஆயிடுச்சு. நட்டும்போல்ட்டும் சார் சிரிக்கலாம்.

மறுவாரம் பாலியெஸ்டர். பத்து சுத்து, அப்புறம் நடுவுல குறுக்கா நாலு சுத்து போட்டு இறுக்கினேன். அந்தக் குறுக்குச் சுத்துதான் உயிர், அது இல்லாம எவ்வளவு இழுத்தாலும் கை வலிதான் மிச்சம். ரெண்டு மணி நேரம் ஓட்டினேன். மிதவை ரெண்டு தடவை அமுங்கிச்சு. கம்பு முனகிச்சு, உடையல. அமுங்குறப்ப பாய்க் கயித்தை விட்டுடணும்னு இப்பதான் கைக்குத் தெரியுது.

வாடைக்காற்று:
பாய்க் கயித்தைக் கையிலயே வைச்சிருங்கோ, கட்டிப்போடாதேங்கோ. மற்றதெல்லாம் பிறகு.

நட்டும்போல்ட்டும்:
சிரிக்கல. நைலான் நனைஞ்சா நீளும், அதான் நடந்திருக்கு. ஆனா ரெண்டு மணி நேரம் ஒரு சோதனையே இல்ல. ஆறு மாசம் வெயில்ல கிடந்த கயிறு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் பேசுவோம். அதுவரைக்கும் யூ போல்ட் ரெண்டு படகுல கிடக்கட்டும், கூடவே ஒரு ஸ்பேனரும்.

மூணுகட்டை:
ஆறு மாசம் ஒரே கயித்தைக் கட்டியே வச்சிருக்கிறது யார் சார்? அவிழ்த்துக் கட்டுறதுக்குத்தானே கயிறு.

நட்டும்போல்ட்டும்:
முகத்துவாரம், அடுத்த தடவை அவிழ்க்கும்போது கயிறு பிளை ஓட்டையைத் தொட்ட இடத்தை மட்டும் கிட்ட வச்சு ஒரு படம் போடுங்க. பஞ்சு பறந்திருந்தா நான் சொன்னது.