சதுப்புநிலத்தை விட்டுப் போகாத செமினோல் மக்கள்

புளோரிடாவுக்குப் போகிறவர்கள் ஆர்லாண்டோவோடு திரும்பிவிடாமல், எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்குள் இருக்கும் பிக் சைப்ரஸுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். புளோரிடாவின் அமெரிக்கப் பழங்குடிகளான செமினோல் மக்களே 1997-இல் திறந்து நடத்திவரும் அ-தா-தி-கி அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. காட்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, பின்புறம் சைப்ரஸ் மரங்களுக்கு இடையே போகும் மரப்பலகைப் பாதையில் அவசியம் நடங்கள்.

அந்தப் பாதையை ஒட்டிய குடில் ஒன்றில் ஒரு மூதாட்டி தைத்துக்கொண்டிருந்தார். சுவரில்லாத குடில்; சைப்ரஸ் கம்பங்கள், மேலே பனையோலை. இதை 'சிக்கி' என்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்புத் துணிகளை நீளநீளமான பட்டைகளாக வெட்டி, பக்கவாட்டில் இணைத்துத் தைத்தார். பிறகு குறுக்கே துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் சற்றே கீழிறக்கி மறுபடி சேர்த்தார். கண்ணெதிரே மின்னல் வடிவம் எழுந்தது! நெருப்பு, மழை என்று ஒவ்வொரு கோலத்துக்கும் பெயர் உண்டாம். முதலைத் தோலையும் பறவை இறகுகளையும் வணிகர்களிடம் விற்ற காலத்தில் கையால் சுற்றும் தையல் இயந்திரம் இவர்களிடம் வந்து சேர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிலேயே இந்தக் கலையை வளர்த்தெடுத்தார்கள். எவ்வளவு பெரிய கற்பனை வளம்!

1830-இல் அமெரிக்க அரசு பழங்குடிகளை மேற்கே அனுப்பச் சட்டம் இயற்றியது. செமினோல்கள் மறுத்தார்கள். 1835 முதல் 1842 வரை நடந்த இரண்டாவது செமினோல் போரில் அமெரிக்கத் தரப்பில் ஏறத்தாழ 1,500 வீரர்கள் மாண்டார்கள், பெரும்பாலோர் நோயால். 1858-இல் மூன்றாவது போரும் ஓய்ந்தபோது சில நூறு பேர் மட்டும் சதுப்புக்குள் எஞ்சியிருந்தார்கள். அவர்கள் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திடவே இல்லை. இன்றைய புளோரிடா செமினோல்கள் அவர்களின் வழிவந்தவர்கள்.

---

பிக் சைப்ரஸ் பற்றிப் படித்ததும் நானும் எழுதத் தோன்றியது. தென் கரோலினாவில், சார்ல்ஸ்டனுக்கு அருகே மோல்ட்ரி கோட்டை வாசலில், அந்த இரண்டாவது போரில் செமினோல்களை வழிநடத்திய ஒஸ்சியோலாவின் கல்லறையைப் பார்த்தேன். இரும்பு வேலிக்குள் சிறிய பளிங்குக் கல். தேசபக்தர், போர்வீரர் என்று பொறித்திருக்கிறார்கள். 1837 அக்டோபரில் வெள்ளைக் கொடியோடு பேச்சுவார்த்தைக்கு வந்தவரை அமெரிக்கத் தளபதி ஜெசப்பின் ஆணைப்படி பிடித்தார்கள். மூன்றே மாதங்களில், 1838 ஜனவரி 30 அன்று, சிறையிலேயே இறந்தார். சிகிச்சையளித்த மருத்துவர் அவருடைய தலையை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். இதைப் படித்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த கறுப்பின மக்களும் செமினோல்களோடு தோள்சேர்ந்து போரிட்டார்கள். ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்ட செமினோல்களின் 14 பிரிவுகளில் இரண்டு அந்தக் கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களுக்கு உரியவை. அங்கே அவர்களின் தலைநகரான விவோக்கா பக்கம் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் விரிவாக எழுதுங்கள்.