வால்மீன் தூசித் தரவு: நேரம் பின்னோக்கிப் போகிறது, காப்பகத்துக்கு அனுப்புவதற்கு முன் உதவி தேவை

துகள்வேட்டை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரொசெட்டா விண்கலம் 67பி சூர்யுமோவ்–கெராசிமென்கோ வால்மீனைச் சுற்றியபோது எடுத்த தூசி அளவீடுகளைத் தொகுத்து ஒரு அட்டவணை செய்கிறேன். ஒவ்வொரு துகளும் எப்போது வந்து மோதியது, அப்போது விண்கலம் வால்மீனின் கருவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதுதான் அட்டவணை. பி.டி.எஸ்.4 (கோள் அறிவியல் தரவுக்கான நாசாவின் தர வடிவம்) வடிவத்தில் காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதலாவது, சரிபார்ப்பு மென்பொருள் 212வது வரி வரை ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்து கடைசி வரி வரை எல்லாமே தப்பு என்கிறது. கண்ணால் பார்த்தால் எல்லா வரியும் ஒரே நீளம்தான்.

இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. என்னிடம் உள்ள மூலக் கோப்பில் விண்கலக் கடிகார எண் மட்டும் இருக்கிறது. நான் எழுதிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) அதைப் படித்து விநாடியாக எழுதுகிறது. நிகழ்வு எண் ஏறிக்கொண்டே போக, நேரம் சில இடங்களில் இறங்குகிறது. உதாரணத்துக்கு:

நிகழ்வு 87: 378000412.9120
நிகழ்வு 88: 378000412.41200

88 எப்படி 87க்கு முன்னால் நடந்திருக்கும்? கருவியிலேயே கோளாறா?

பைட்எண்ணி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். 212வது வரியில் குறிப்புப் பத்தி (நெடுவரிசை) ஏதாவது இருக்கிறதா? அதில் மைக்ரோமீட்டருக்கான மைக்ரோ குறி போட்டிருக்கிறீர்களா? திரையில் அது ஒரு எழுத்து, யு.டி.எஃப்-8இல் (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறை) இரண்டு பைட். நிலையான அகல அட்டவணையில் மென்பொருள் எழுத்துகளை எண்ணாது, பைட்டைத்தான் எண்ணும். ஒரு வரி ஒரு பைட் நகர்ந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் நகரும். (தமிழில் குறிப்பு எழுதாமல் விட்டீர்களே, நம் எழுத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்.)

அப்புறம், லேபிளில் (தரவை விவரிக்கும் துணைக் கோப்பு) சொல்லும் வரி நீளத்தில் வரி முடிவுக்கான பைட்டையும் சேர்க்க வேண்டும். ஒரு புலம் வரியில் எங்கே தொடங்குகிறது என்பது 1இலிருந்து எண்ணப்படும். அட்டவணை கோப்பில் எங்கே தொடங்குகிறது என்பதோ 0இலிருந்து. இது யார் போட்ட விதியோ, எனக்கு இன்னும் பழகவில்லை.

துகள்வேட்டை எழுதியது:

மைக்ரோ குறியேதான்! எடுத்துவிட்டேன், முதல் பிரச்சினை தீர்ந்தது. நன்றி அண்ணா. நேரத்துக்கு யாராவது?

ராக்கோழி எழுதியது:

கருவி மேல் பழி போடாதீர்கள், அது ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. உங்கள் இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது.

ரொசெட்டாவின் கடிகார எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வருவது தசம பின்னம் இல்லை. அது டிக் எண்ணிக்கை. ஒரு விநாடிக்கு 65536 டிக். 9120 என்றால் 9120ஐ 65536ஆல் வகுக்க வேண்டும், அதாவது 0.139 விநாடி. 41200 என்றால் 0.629. இப்போது பாருங்கள், 88தான் பின்னால் வருகிறது. புள்ளி இருப்பதால் எல்லாரும் ஒருமுறையாவது இதில் ஏமாறுவோம். நானும் ஏமாந்தவன்தான்.

இன்னொரு தவறும் உங்கள் ஸ்கிரிப்டில் இருக்கிறது. மூலக் கோப்பில் 09120 என்று ஐந்து இலக்கமாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் புள்ளியில் உடைத்து இரண்டு பக்கத்தையும் முழு எண்ணாக மாற்றி மறுபடி ஒட்டியிருக்கிறீர்கள். முன்னால் இருந்த பூச்சியம் அங்கேதான் விழுந்துவிட்டது. அது விழாமல் இருந்திருந்தால் வரிசையாவது சரியாக இருந்திருக்கும். மதிப்பு மட்டும் அதிகபட்சம் 0.34 விநாடி தப்பாக இருந்து, கடைசி வரை உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும். ஆக பூச்சியம் விழுந்ததும் நல்லதுக்குத்தான்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. எல்லா நேரங்களின் பின்னப் பகுதியை மட்டும் எடுத்து வரைபடம் போடுங்கள். தூசிக்கு நம் விநாடி தெரியாது, அதனால் 0 முதல் 1 வரை சமமாகப் பரவியிருக்க வேண்டும். நான் சொல்வது உண்மையானால் 0.1க்குக் கீழே அநேகமாக ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் முன்பூச்சியம் இல்லாத எண் 1 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில்தான் தொடங்கும். 0.655க்கு மேலே நூற்றுக்கு ஆறு தேறினால் அதிகம்.

கடைசியாக, டிக்கை வகுத்துவிட்டு நின்றுவிடாதீர்கள். விண்கலத்தின் கடிகாரம் மெல்ல விலகிக்கொண்டே போகும். அதைத் திருத்தும் அட்டவணை ஸ்பைஸ் (விண்கலத்தின் நேரத்தையும் இடத்தையும் கணக்கிடும் நாசா மென்பொருள்) கெர்னல்களில், அதாவது அதன் தரவுக் கோப்புகளில், இருக்கிறது. மூலக் கடிகார எண்ணை எழுத்துச் சரமாக அப்படியே ஸ்பைஸிடம் கொடுங்கள், கணக்கை அது பார்த்துக்கொள்ளும்.

துகள்வேட்டை எழுதியது:

வரைபடம் போட்டேன். 0.1க்குக் கீழே சுத்தமாகக் காலி. சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

ஸ்பைஸ் வழியாக மாற்றிவிட்டேன், இப்போது வரிசை சரி. ஆனால் பழைய லேபிள்களில் கடிகார எண்ணும் யு.டி.சி. (உலகப் பொது) நேரமும் இரண்டுமே இருக்கின்றன அல்லவா, அவற்றோடு ஒப்பிட்டால் என் நேரம் 67.184 விநாடி கூடுதலாக வருகிறது. 2015 ஜூலையிலிருந்து அது 68.184 ஆகிவிடுகிறது. கடிகார விலகல் என்றால் இப்படி ஒரே நாளில் முழு விநாடி தாவுமா?

ராக்கோழி எழுதியது:

தாவாது. வித்தியாசம் .184 என்று முடிந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். ஸ்பைஸ் கொடுப்பது எபிமெரிஸ் நேரம் (விண்பொருள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் சீரான நேரம்). நீங்கள் அதையே யு.டி.சி. என்று எழுதிவிட்டீர்கள். இரண்டுக்கும் இடையே 32.184 விநாடியும் அதுவரை சேர்ந்த லீப் விநாடிகளும் (பூமியின் சுழற்சியோடு பொருந்த யு.டி.சி.யில் அவ்வப்போது சேர்ப்பவை; தொடக்கத்திலேயே இருந்த 10 விநாடியும் இதில் அடக்கம்) உண்டு. 2015 ஜூன் 30 வரை 35, அன்று இரவு ஒன்று கூடி 36. லீப் விநாடி கெர்னலை ஏற்றி யு.டி.சி.க்கு மாற்றும் கட்டளையைக் கூப்பிடுங்கள். 32ஐயும் 35ஐயும் கையால் கழிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

பழங்கோப்பு எழுதியது:

நேரம் சரியாகிவிட்டது, சந்தோஷம். நான் வேறொன்று கேட்கிறேன். தினசரி எண்ணிக்கை என்று ஒரு பத்தி வைத்திருப்பீர்களே, அதில் 0 என்று எத்தனை நாள் இருக்கிறது? அந்த நாளெல்லாம் கருவி ஓடிக்கொண்டிருந்ததா?

துகள்வேட்டை எழுதியது:

நிகழ்வு இல்லாத நாளுக்கெல்லாம் ஸ்கிரிப்ட் 0 போட்டுவிடுகிறது ஐயா. கருவி ஓடியதா என்று பார்க்கவில்லை.

பழங்கோப்பு எழுதியது:

அதுதான் பெரிய தப்பு. சரிபார்ப்பு மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காது. கருவி விழித்திருந்து ஒன்றும் வராத நாள் 0. கருவி அணைந்திருந்த நாள் வெற்று மதிப்பு, அதற்கென்று ஒரு மாறிலியை லேபிளில் அறிவிக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. கருவி ஓடிய இடைவெளிகளைத் தனி அட்டவணையாகவே சேர்த்துவிடுங்கள். ஓடிய நேரம் தெரியாமல் எண்ணிக்கையை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

தூரமும் அப்படித்தான். 2015 மார்ச் 28 அன்று ரொசெட்டா கருவுக்கு 14 கிலோமீட்டர் வரை நெருங்கியது. சுற்றிப் பறந்த தூசியை நட்சத்திரம் என்று நினைத்து நட்சத்திரத் திசைகாட்டிகள் குழம்பின, விண்கலம் பாதுகாப்பு நிலைக்குப் போனது. அதற்குப் பிறகு கலத்தைத் தள்ளியே வைத்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று வால்மீன் சூரியனுக்கு மிக அருகில் வந்தபோது கலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. வெறும் எண்ணிக்கையைப் பார்ப்பவர் வால்மீன் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடுவார்.

அந்த 0.34 விநாடியையும் சும்மா விடாதீர்கள். 67பியில் துகள்கள் விநாடிக்குச் சில மீட்டர் வேகத்தில்தான் வந்தன, அதனால் இடம் பெரிதாக மாறாது. ஆனால் ரொசெட்டாவின் தூசி அளக்கும் கியாடா கருவியில் பஞ்சு போன்ற துகள்கள் கலத்தின் அருகே உடைந்து, குறுகிய நேரத்துக்குள் கொத்தாகப் பதிவாகின. அந்தக் கொத்தைப் பிரித்துப் பார்க்க நேர வரிசை வேண்டும். 2004 ஜனவரி 2 அன்று வைல்ட்-2 வால்மீனைக் கடந்த ஸ்டார்டஸ்ட் விண்கலம் என்றால் கதையே வேறு. விநாடிக்கு 6.1 கிலோமீட்டர் வேகம். 0.34 விநாடி பிசகினால் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

துகள்வேட்டை எழுதியது:

புது நிலவரம்: மாற்றமெல்லாம் ஸ்பைஸ் வழியாகவே. மூலக் கடிகார எண்ணையும் எழுத்துச் சரமாக ஒரு பத்தியில் அப்படியே வைத்திருக்கிறேன், நாளை யாராவது என் கணக்கைச் சந்தேகப்பட்டால் மறுபடி போட்டுப் பார்க்கலாம். 0 இருந்த நாட்களைக் கருவி ஓடிய நேரத்தோடு ஒப்பிட்டேன், பாதிக்கு மேல் அணைந்திருந்த நாட்கள். எல்லாம் வெற்று மதிப்பாகிவிட்டன. சரிபார்ப்பு மென்பொருளில் இப்போது பிழை இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். தப்பான கோப்பை ஏற்கனவே இரண்டு பேருக்குப் பார்வைக்கு அனுப்பிவிட்டேன். அதே பெயரில் புதியதை வைத்தால் போதுமா?

பழங்கோப்பு எழுதியது:

போதாது. பதிப்பு எண்ணை ஏற்றுங்கள், என்ன மாறியது என்று லேபிளின் மாற்ற வரலாற்றில் எழுதுங்கள், செக்சம் (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் எண்) புதிதாகப் போடுங்கள். அந்த இரண்டு பேருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.