குட்டியின் வாலுக்குக் கீழே சிவப்பாக ஏதோ தெரிந்தது

ஏழு வாரப் பூனைக்குட்டி. நாலு நாளாகக் கழிச்சல். தண்ணீராகப் போய்விட்டு, அப்புறமும் மணல் தட்டிலேயே உட்கார்ந்து முக்கிக்கொண்டிருக்கும். ஒன்றும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்துவிட்டேன். குடல் புண்ணாகி எரிந்தாலும் குட்டி அப்படித்தான் முக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதில் இரண்டு நாள் போய்விட்டது.

ஐந்தாம் நாள் காலை வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது பார்த்தேன். ஆசனவாயிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவுக்கு, செக்கச்செவேலென்று ஈரமாக ஒரு சதை. வீட்டில் மூலம் என்றார்கள். போனில் கேட்டதுமே மருத்துவர் சொல்லிவிட்டார்: “மலக்குடல் வெளியே வந்திருக்கிறது. நீங்கள் உள்ளே தள்ளாதீர்கள், காயவிடாதீர்கள், நக்கவிடாதீர்கள். உடனே கொண்டுவாருங்கள்.” சலைனில் நனைத்த சுத்தமான துணியை அதன்மேல் வைத்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வழி முழுக்க அந்தத் துணி காயாமல் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனேன்.

அங்கே முதலில் ஒரு மழுங்கிய மெல்லிய கம்பியைச் சதையின் ஓரமாக விட்டுப் பார்த்தார். ஒரு குடல் இன்னொன்றுக்குள் சொருகிக்கொண்டு வெளியே வந்தாலும் பார்க்க இப்படியேதான் இருக்குமாம். அப்படியானால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். கம்பி உள்ளே போகவில்லை; அப்படியென்றால் வெறும் மலக்குடல்தான். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மயக்கம் கொடுத்து, வழுக்கும் ஜெல் தடவி மெதுவாக உள்ளே அனுப்பி, சுருக்குப்பை வாயைச் சுருக்குகிற மாதிரி சுற்றிலும் ஒரு தையல் போட்டார். இளகலாக மலம் போக வழி விட்டுத்தான்.

மலத்தைச் சோதித்ததில் உருண்டைப்புழு முட்டைகள். வாசல் தாண்டாத குட்டிக்கு எப்படி என்று கேட்டேன். தாய்ப்பால் வழியாகவே வருமாம். அதனால்தான் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடை பார்த்துப் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். நான் ஒருமுறைகூடக் கொடுத்திருக்கவில்லை. புழு போகாவிட்டால் திரும்ப முக்கும், தையலும் நிற்காது என்றார். ஐந்து நாளில் தையல் பிரித்தாயிற்று. இப்போது கெட்டியாகப் போகிறது.

*

உங்கள் குட்டி தேறியதில் நிம்மதி. என்னுடையது வேறு கதை. தாயில்லாமல் கிடைத்த பத்து நாள் குட்டி. பசும்பால் கொடுத்தேன், ஒரே நாளில் பேதி. குட்டிகளுக்கான பால்மாவுக்கு மாறியதும் பேதி நின்றது; ஆனால் அப்புறம் இரண்டு நாள் எதுவுமே போகவில்லை, வயிறு பந்து மாதிரி. மூன்று வாரம் வரைக்கும் குட்டிக்குத் தானாகப் போகத் தெரியாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், தாய் நாக்கு படுகிற அளவுக்கே லேசாக, ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் தடவிவிட்டேன். முதல்நாள் சிறுநீர் மட்டும். மறுநாள் மஞ்சளாக, பற்பசை பதத்தில் வந்தது. அழுத்தித் துடைத்தால் அந்த இடம் சிவந்து தோல் உரிந்துவிடும், கவனம்.

*

வாலடி முடியில் அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். எங்கள் குட்டிக்கு அது நாடாப்புழுவின் துண்டுகள்; ஒன்று என் கண்ணெதிரே நெளிந்தது. உருண்டைப்புழுவுக்குக் கொடுத்த மருந்து இதைத் தொடவில்லை. இந்தப் புழு தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. அதனால் தெள்ளுக்கும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் நின்றது. நாய்க்கான தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், அவற்றில் பலவற்றில் இருக்கிற பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

கழிச்சலோடு வாந்தியும் வந்து, குட்டி பால் குடிக்காமல் சுருண்டு படுத்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். பார்வோ வகைக் கிருமியால் வருகிற பூனைக் கழிச்சல் நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும். முன்பு ஒரு குட்டியை நான் அப்படி ஒரே ராத்திரியில் இழந்திருக்கிறேன்.