கலைச்சொல்: ‘காலாவதியான தெரிவு’ என்பதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

உப்புவெளியில் ஒரு நூலகத்தின் சேவையகத்தை உபுண்டு இயங்குதளத்தின் 18.04 பதிப்பிலிருந்து 20.04 க்கு உயர்த்தினோம். அதோடு தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 5.7 போய் 8.0 வந்தது, தரவுத்தளம் எழும்பவேயில்லை. பிழைப்பதிவில் கிடைத்தது ஒரே வரி: குவெரி_கேஷ்_சைஸ் என்பது அறியாத மாறி. வினவல்களின் விடைகளைத் தேக்கிவைக்கும் அந்த வசதியை இனிப் பாவிக்க வேண்டாம் என்று 5.7.20 இலேயே அறிவித்துவிட்டார்கள். அப்போது எச்சரிக்கை மட்டும்தான், வேலை நடந்தது. 8.0 இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். பழைய அமைவுக் கோப்பில் அந்த வரி கிடந்தால் சேவையகம் தொடங்க மறுக்கும். வரியை நீக்கியதும் எழும்பிவிட்டது.

அமைவுக் கோப்பில் எழுதும் இத்தகைய அமைப்பைத்தான் ‘தெரிவு’ என்கிறோம். நமது கலைச்சொற்பட்டியலில், எச்சரிக்கையோடு இயங்குவது, அடியோடு எடுத்துவிட்டது என்ற இந்த இரு நிலைக்கும் ‘காலாவதியான தெரிவு’தான் இருக்கிறது. அதைப் படித்துப் பழகும் பிள்ளைகளுக்கு, எது முணுமுணுக்கும், எது சேவையகத்தையே நிறுத்தும் என்று எப்படித் தெரியும்?

என் முன்மொழிவு: இன்னும் இயங்குவது ‘கழியும் தெரிவு’, எடுத்துவிட்டது ‘கழிந்த தெரிவு’. ‘கழிதெரிவு’ என்று வினைத்தொகையாக்கினால் சொல் சிறுக்கும். ஆனால் வினைத்தொகை காலத்தை மறைத்துவிடும். இங்கே காலம்தான் செய்தி. பழைய பதிவுக் கோப்புகளை எத்தனை நாளில் நீக்குவது என்று சொல்லும் எக்ஸ்பயர்_லாக்ஸ்_டேய்ஸ், மைஎஸ்கியூஎல் 8.0 இல் கழியும் தெரிவு, 8.4 இல் கழிந்த தெரிவு. பெயரெச்சத்தின் காலத்தை மாற்றினால் போதும்.

திருகோணமலையிலிருந்து

—

தம்பி, பிரிக்க வேண்டும் என்பது சரி. ஆனால் ‘கழி’ என்றதும் கழிவுநீரும் கழிப்பறையும்தானே முன்னுக்கு வரும்? ‘கைவிடப்படும்’, ‘கைவிடப்பட்ட’ என்று வைக்கலாமே.

—

அக்கா, நம்மூர்க் கடைகளில் ‘விலைக்கழிவு’ என்று பலகை வைத்தால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. நாள் கழிகிறது, ஆண்டு கழிகிறது என்பதும் அன்றாடப் பேச்சு. ‘கைவிடப்பட்ட’ என்பதில் எனக்குள்ள தயக்கம் வேறு: கைவிட்டது யார், மென்பொருளை ஆக்கியவர்களா, பாவிப்பவரா? நான் பாவிப்பதை விட்டுவிட்ட ஒரு தெரிவு மென்பொருளில் நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம்.

மென்பொருளே இந்தப் பிரிவைக் காட்டுகிறது. 8.0.16 முதல், சேவையகத்தைத் தொடங்காமலே அமைவுக் கோப்பைச் சரிபார்க்கும் வேலிடேட்-கொன்ஃபிக் இருக்கிறது. கழிந்த தெரிவு இருந்தால் அது பிழை என்று சொல்லி நின்றுவிடும். கழியும் தெரிவுக்கான எச்சரிக்கையோ, பிழைப்பதிவில் எவ்வளவு விவரம் வேண்டும் என்று சொல்லும் லாக்_எரர்_வெர்பொசிட்டியை 2 ஆக வைத்துக் கேட்டால்தான் தெரியும். கையேட்டில் இப்படி எழுதலாம்: ‘தரமுயர்த்த முன் கழிந்த தெரிவுகளை நீக்குக, கழியும் தெரிவுகளுக்கு மாற்றுத் தேடுக.’

மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் இரண்டு பதிவாகச் சேர்த்துவிடுகிறேன்.