பிளஸ் ஒன்: கணிதம்–உயிரியலா, கணிதம்–கணினி அறிவியலா?

கேள்வி (பெற்றோர்):
வணக்கம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம். மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பொறியியலா, மருத்துவம் சார்ந்த படிப்பா என்று இன்னும் முடிவாகவில்லை. உயிரியல் எடுத்தால் இன்ஜினியரிங் கட்-ஆஃப் அடிவாங்குமா? சுமை எவ்வளவு கூடும்?

பதில் 1 (கணித ஆசிரியர்):
அடிவாங்காது. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. நான்காவது பாடமான உயிரியலோ கணினி அறிவியலோ இந்தக் கூட்டலிலேயே வராது. கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கக்கூட பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. நீட் எழுதவும் பி.எஸ்சி நர்சிங் சேரவும் உயிரியல் வேண்டும். அதை விட்டுவிட்டுப் பிறகு தனியாகச் சேர்த்துப் படிப்பது பெரும்பாடு. முடிவாகாத பிள்ளைக்குக் கணிதம்–உயிரியல்தான் சரி.

பதில் 2 (உயிரியல் ஆசிரியர்):
சுமை உண்டு, மறைக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியலில் உயிரியல் ஒரு பாடம். படிப்பது தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு புத்தகம். எழுத்துத் தேர்வு 70-ல் ஒவ்வொன்றுக்கும் 35, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இரண்டு பகுதிக்கும் சேர்த்தே 3 மணி நேரம் என்பதால், தாவரவியலிலேயே படம் வரைந்துகொண்டு உட்கார்ந்தால் விலங்கியலின் 5 மதிப்பெண் கேள்விகள் அரைகுறையாகும். ஒன்றரை மணி ஆனதும் அடுத்த பகுதிக்குப் போகும் பழக்கத்தைப் பள்ளித் தேர்வுகளிலேயே கொண்டுவந்துவிட வேண்டும்.

கணினி அறிவியலில் பிளஸ் ஒன்னுக்கு சி++ நிரல்மொழி, பிளஸ் டூவுக்குப் பைத்தான் நிரல்மொழி, தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல். அளவு குறைவுதான். ஆனால் நிரலை மனப்பாடம் செய்கிறவர்கள் செய்முறையில் ஒரு பிழைச் செய்தி வந்தாலே திணறிப்போகிறார்கள்.

பதில் 3 (வேதியியல் ஆசிரியர்):
பிரிவை விடப் பள்ளியைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். சில இடங்களில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு நேராகப் பிளஸ் டூவுக்குத் தாவுகிறார்கள். பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய கேடு இது. மோல் கணக்கீடு, வேதிப்பிணைப்பு, இயக்க விதிகள், வெப்ப இயக்கவியல் எல்லாம் பிளஸ் ஒன் பாடங்கள். நீட், ஜேஇஇ (ஐஐடி போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) இரண்டிலும் இவற்றிலிருந்து கேள்வி வரும். கணிதத்திலும் அதே கதை: எல்லை, வகையிடல், தொகையிடல் பிளஸ் ஒன்னில் தொடங்குகின்றன, அவற்றின் பயன்பாடு பிளஸ் டூவில். அடித்தளம் இல்லாதவர்கள் வகைக்கெழுச் சமன்பாட்டில் வந்து நிற்கிறார்கள்.

ஆய்வகமும் அப்படித்தான். தேர்வுக்கு முந்தைய வாரம் முதல்முறை பியூரெட்டை (கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக்குழாய்) தொடும் பிள்ளை, பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்) இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் அந்த ஒரு துளியைத் தாண்டி ஊற்றிவிடும். ஆண்டு முழுவதும் வாரம் ஒரு முறையாவது ஆய்வக வகுப்பு வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அட்மிஷனுக்கு முன்னால் பள்ளியில் என்ன கேட்க வேண்டும்?

பதில் 3 (வேதியியல் ஆசிரியர்):
பிளஸ் ஒன் கால அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஆய்வக வகுப்பு தனியாக இருக்கிறதா, தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் தனித்தனி ஆசிரியர் உண்டா என்று பாருங்கள். போன வருடப் பிள்ளைகளின் செய்முறைப் பதிவேடு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள்; எல்லாச் சோதனைக்கும் ஒரே வாரத் தேதி இருந்தால், அங்கே ஆய்வகம் பூட்டியே கிடந்தது என்று அர்த்தம். சேர்ந்தபின் பிரிவு மாற்ற நினைத்தால் முதல் சில வாரங்களுக்குள் கேட்டுவிடுங்கள்.