கிளையன்ட் வயலன்ஸ்: 'சேவை பெறுநர் வன்முறை' சரிதானா?

மடல் 1

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒன்ராறியோவில் சிறுவர் பாதுகாப்புப் பணிக்குப் போகும் தமிழ் உரைபெயர்ப்பாளருக்கான சொற்பட்டியலில் 'கிளையன்ட் வயலன்ஸ்' என்பதற்குச் 'சேவை பெறுநர் வன்முறை' என்று வைக்கலாமா? வீட்டுக்கு வரும் உத்தியோகத்தரைத் தாயோ தகப்பனோ வீட்டிலுள்ள வேறொருவரோ அடிப்பது, அடிக்க வருவது, மிரட்டுவது எல்லாவற்றையும் இது குறிக்கும்.

'பெறுநர்' என்பது எனக்கு உறுத்துகிறது. இங்கே யாரும் எதையும் கேட்டுப் பெறவில்லை. பாடசாலையிலிருந்து ஒரு முறைப்பாடு வந்து, விசாரணை தேவை என்று முடிவானால், ஆபத்தைப் பொறுத்து 12 மணித்தியாலம், 48 மணித்தியாலம் அல்லது 7 நாளுக்குள் உத்தியோகத்தர் நேரில் போயாக வேண்டும். உளவளத்துணையில் (கவுன்சலிங்) கிளையன்டுக்கு வழங்கும் 'துணைநாடி'யும் இதே காரணத்தால் பொருந்தாது. நாடி வந்தவர் அல்லவே.

மடல் 2

அம்மா சொல்வது சரி. ஆனால் 'வன்முறை' என்ற மறுபாதியையும் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு இரத்தக் காயம்தான் நினைவுக்கு வருகிறது. ஒன்ராறியோவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அப்படிப் பார்க்கவில்லை. காயப்படுத்தக்கூடிய பலப்பிரயோகம், அதற்கான முயற்சி, அப்படியொரு மிரட்டலென்று நியாயமாக விளங்கும் பேச்சோ நடத்தையோ, மூன்றும் வன்முறைதான்.

ஒருவர் வாசற்படியில் நின்று, குரலை உயர்த்தாமல், "நீ எந்த வழியாலை வீட்டை போறாய் எண்டு எனக்குத் தெரியும், ஒருநாள் பார்ப்பம்" என்கிறார். உரைபெயர்ப்பாளர் இதை 'அவர் கோபமாக இருக்கிறார்' என்று சுருக்கிவிட்டால் கோப்பில் அபாயக் குறிப்பு ஏறாது. அடுத்த கிழமை போகிறவர் தனியே போவார். வன்முறை வரலாறுள்ள ஒருவரைப் பணியாளர் சந்திக்க நேருமென்றால் அதை முன்கூட்டிச் சொல்வது வேலைகொள்வோரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. கோப்பிலேயே இல்லாததை யார் சொல்வது?

வீட்டுக்குப் போகும்போது எடுக்கும் முன்னெச்சரிக்கைகளும் பட்டியலில் வர வேண்டும். காரை வீட்டு முற்றத்தில் விட்டால் பின்னால் இன்னொரு கார் வந்து மறித்துவிடும். தெருவில், புறப்படும் திசைக்கு நிறுத்த வேண்டும். கதவுக்கும் தனக்கும் நடுவில் ஆள் வராதபடி இருக்க வேண்டும். கத்தி கிடக்கும் குசினியில் பேச்சை வைக்கக் கூடாது. அடையாள அட்டையின் கழுத்து நாடா இழுத்தவுடன் கழன்றுவிட வேண்டும். தமிழ் வீடுகளில் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது, அதனால் கயிறு கட்டும் சப்பாத்து வேண்டாம். வெளியே வந்து எத்தனை மணிக்கு அழைப்பார் என்பது அலுவலகத்தில் குறித்திருக்க வேண்டும்.

உடல்நலப் பகுதியில் குழப்பம் இன்னும் அதிகம். அடியோ மிரட்டலோ பட்டவருக்கு நித்திரை குலையும். கதவு சாத்தும் சத்தத்துக்கும் திடுக்கிடுவார். அந்தத் தெருவாலேயே போகமாட்டார். தலையிடி, வயிற்றுப் பிரட்டல் வரும். பிள்ளைகள் பட்ட கொடுமைகளைக் கேட்டுக் கேட்டு வரும் பாதிப்பு வேறு. கோப்புச் சுமையால் வரும் களைப்பு வேறு. மூன்றையும் 'வேலை அழுத்தம்' என்று எழுதினால் வேலையால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும் பணியிடக் காப்புறுதிச் சபையில் கோரிக்கை தடம் மாறிவிடும். அதிர்ச்சி நிகழ்வால் வந்த மனப்பாதிப்புக்கு ஒரு கொள்கை. 2018 முதல் நாட்பட்ட மன அழுத்தத்துக்கு வேறொரு கொள்கை.

இன்னொன்று: பயந்துபோன உத்தியோகத்தர் பிள்ளை படுக்கும் அறையைக் காட்டச் சொல்லிக் கேட்கமாட்டார். பிள்ளையோடு தனியே பேசவும் கேட்கமாட்டார். பெரியவருக்கு விழுந்த மிரட்டல் கடைசியில் பிள்ளையின் தலையில் விடிகிறது.

மடல் 3

தமிழ்நாட்டிலிருந்து ஒரு கருத்து. 'சேவை பெறுநர் வன்முறை' என்பதை விரித்துப் பாருங்கள். பெறுநர் செய்யும் வன்முறையா, பெறுநர் மீது செய்யும் வன்முறையா? இலக்கண உரைகளில் வரும் 'புலிகொல் யானை' சிக்கல்தான் இது. புலியைக் கொன்ற யானை என்றும் கொள்ளலாம், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் கொள்ளலாம்.

'குடும்பத்தார் வன்முறை' கூடவே கூடாது. 'குடும்ப வன்முறை' வீட்டுக்குள் நடப்பதற்கு நிலைத்துவிட்டது. பிள்ளையை அடித்த வழக்கு என்றே படிப்பார்கள். 'பயனாளி' இங்கே அரசுத் திட்டத்தில் வீடோ உதவித்தொகையோ பெறுபவர். 'கட்சிக்காரர்' வக்கீலுக்கு உரியவர். 'களப்பணி வன்முறை' என்று நண்பர் ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அதுவும் குறைபடும். 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பாரி நகரில், பிள்ளையின் பராமரிப்புரிமையை இழந்த தாய் சிறுவர் நல ஊழியரைச் சுட்டுக் கொன்றது களத்தில் அல்ல. வேலை முடிந்து அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது.

என் பரிந்துரை 'கோப்புக்குரியோர்'. கேட்டவரா பெற்றவரா குற்றவாளியா என்று எதுவும் சொல்லாது; கோப்பு யாரைப் பற்றியதோ அவர்கள். நடுவில் ஒரு வினையைச் சேர்த்தால் யானையும் புலியும் தடுமாறாது: 'கோப்புக்குரியோர் இழைக்கும் வன்முறை'. நீளம்தான். ஆனால் படிவத்தில் ஐயம் வருவதைவிட நீளம் மேல். வேலையிடத்து வன்முறை, துன்புறுத்தல் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் உடன்படிக்கை பேசும் மூன்றாம் தரப்பினர் எல்லாரையும் குறிக்கப் 'புறத்தார் வன்முறை'யை வைத்துக்கொள்ளலாம்.

மடல் 4

மிக்க நன்றி ஐயா. 'இழைக்கும்' முடிச்சை அவிழ்த்துவிட்டது. ஒரு திருத்தம்: அடிக்க வருபவர் பல வேளை கோப்பில் பெயரே இல்லாத மாமனோ தாயின் துணைவரோதான். ஆகவே பதிவு இப்படி:

கோப்புக்குரியோர் இழைக்கும் வன்முறை: சிறுவர் பாதுகாப்புக் கோப்புக்குரியோரோ அவரைச் சார்ந்தோரோ, பணியின் காரணமாக உத்தியோகத்தரைத் தாக்குதல், தாக்க முயலுதல், மிரட்டுதல். இடம் எதுவாயினும்.

உடல்நலப் பகுதியில், தனக்கே நேர்ந்ததால் வருவது 'நேர் மனவடு'. பிறர் பட்டதைக் கேட்டு வருவது 'வழிவந்த மனவடு'. சுமையால் வருவது 'பணிக்களைப்பு'. 'வேலை அழுத்தம்' என்ற சொல்லை இம்மூன்றுக்கும் பயன்படுத்த வேண்டாம் என்ற குறிப்போடு.

உரைபெயர்ப்பாளருக்கு: மிரட்டலைச் சுருக்க வேண்டாம், மென்மையாக்கவும் வேண்டாம். சொன்னவர் 'எனக்குத் தெரியும்' என்றால் 'அவருக்குத் தெரியுமாம்' என்று மாற்றாமல் 'எனக்குத் தெரியும்' என்றே பெயர்க்கவும்.