குடோனுக்கு இடம் தேடிய அனுபவங்கள்: செங்குன்றமா, ஸ்ரீபெரும்புதூரா?

மாதவரத்திலிருந்து, குடோன் மேலாளர்

வீட்டு உபயோகப் பொருள்களை விநியோகிக்கும் ஒரு நிறுவனத்துக்காக, 2018ஆம் ஆண்டு சென்னையைச் சுற்றிக் குடோன் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு முன்பு அந்நிறுவனம் சென்னை, பெங்களூரு, கொச்சி, விஜயவாடா என நான்கு ஊர்களில் தனித்தனியாகக் குடோன் வைத்திருந்தது. வெளிமாநிலத்துக்கு நேரடியாக விற்றால் 2 சதவீத மத்திய விற்பனை வரி கட்ட வேண்டியிருந்தது; அங்குள்ள சொந்தக் கிளைக்குச் சரக்கை மாற்றினால் அது விற்பனையல்ல, கிளை மாற்றம் என்பதற்கான எஃப் படிவத்தைக் காட்டி அவ்வரியைத் தவிர்க்க முடிந்தது. குடோன் எங்கே இருக்க வேண்டும் என்பதை அன்று முடிவு செய்தது வரிதான். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்து அந்த வரி விலகி, மாநில எல்லைகளிலிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் மூடப்பட்ட பிறகு, நான்கு குடோன்களை இரண்டாகக் குறைத்து, பெரிதாகவும் சரியான சாலையிலும் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பிறந்தது.

வாடகையை மட்டும் பார்த்து நான் செய்த தவற்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். செங்குன்றத்தை அடுத்த சோழவரத்துக்கு உள்ளே, நெடுஞ்சாலையிலிருந்து சற்றுத் தள்ளி, சதுர அடி வாடகை மிகக் குறைவாக ஓரிடம் கிடைத்தது. அங்கே செல்லும் சாலையில் ஒரு குறுகிய சிறுபாலம் இருப்பதைப் பார்த்தும், 40 அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் அதில் திரும்புமா என்று நான் அளந்து பார்க்கவில்லை. டிரெய்லர் திரும்பவில்லை. ஒவ்வொரு கன்டெய்னரையும் முதன்மைச் சாலையோரத்தில் நிறுத்தி, சரக்கைச் சிறு வண்டிகளுக்கு மாற்றிக் கொண்டுவந்தோம். அந்த ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் வாடகையில் மிச்சமானதை ஓராண்டுக்குள் விழுங்கிவிட்டன. ஏரிப் பாசனப் பகுதி என்பதால் மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் நின்றது வேறு கதை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமும் பார்த்தோம். அங்கே லாஜிஸ்டிக்ஸ் நிறுவனங்கள் திரண்டிருப்பதற்குக் காரணம் கார் தொழிற்சாலைகள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலை வந்தது. உதிரிபாகம் குறித்த நேரத்துக்குள் உற்பத்தி வரிசையைச் சென்றடைய வேண்டும் என்பதால், அந்தக் குடோன்கள் ஆலையை விட்டு விலக முடியாது. எங்கள் சரக்கோ துறைமுகத்தில் இறங்கி நகரக் கடைகளுக்குப் போவது. ஆகவே இறுதியில், கொல்கத்தா நெடுஞ்சாலையில் நல்லூர் சுங்கச்சாவடிக்கு முன்பாகவே, நகரப் பக்கமாக இடம் பிடித்தோம். ஒரு நாளில் பல முறை நகருக்குள் சென்று திரும்பும் வண்டிகளுக்கு அந்தச் சுங்கக் கட்டணம் சிறிய தொகையன்று.

திருவொற்றியூரிலிருந்து, டிரெய்லர் உரிமையாளர்

முதலில் எழுதிய ஐயா சாலையைப் பற்றிச் சொன்னார். நான் காத்திருப்பைப் பற்றிச் சொல்கிறேன். சென்னைத் துறைமுகத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே நகரம். விரிவடைய அதற்கு இடமில்லை. அதனால்தான் கன்டெய்னர்களை வைத்துச் சரக்கைப் பிரிக்கும் கன்டெய்னர் சரக்கு நிலையங்கள் மணலி, திருவொற்றியூர், மாதவரம் எனத் துறைமுகத்துக்கு வெளியே பரவின. வாயிலில் வரிசை நீண்ட நாட்களில் என் வண்டி ஒரு டிரிப் அடிக்கவே முழு நாளாகியிருக்கிறது. வண்டிக்கு மாதத் தவணை கட்டுகிறவனுக்கு, தூரத்தைவிட டிரிப்புகளின் எண்ணிக்கைதான் கணக்கு.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை முழுவதும் திறந்த பிறகு, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஏற்றிய கன்டெய்னரை நகருக்குள் நுழையாமலேயே ஒரகடம் வரை கொண்டுசெல்கிறேன். பகலில் கனரக வாகனங்களுக்கு நகரில் உள்ள நேரக் கட்டுப்பாடு என்னைத் தொடுவதில்லை. புதிதாகக் குடோன் தேடும் வாடிக்கையாளர்களும் இப்போது அந்தச் சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

பொன்னேரியிலிருந்து, பொதி கட்டும் பிரிவில் பணிபுரிபவர்

இருவரும் வண்டியைப் பற்றி எழுதினீர்கள்; உள்ளே வேலை செய்பவர்கள் எப்படி வந்து சேர்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் முன்பு வேலை பார்த்த குடோன் நெடுஞ்சாலையோரம் நல்ல இடத்தில்தான் இருந்தது. ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் ஷேர் ஆட்டோகூட இருக்காது. பெண்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றுவிட்டோம். தீபாவளி விற்பனைக் காலத்தில் ஆள் இல்லாமல் லாரிகள் சரக்கு ஏற்றி இறக்கும் டாக்கில் காத்துக் கிடந்தன. இப்போது இருக்கும் இடம் கும்மிடிப்பூண்டி ரயில் பாதைக்கு அருகில் உள்ளது. நிலையத்திலிருந்து நிறுவனத்தின் வேன் வருகிறது. என்னோடு அங்கிருந்து விலகிய ஆறு பேரில் நான்கு பேர் இங்கேதான் இருக்கிறார்கள்.